வேட்டை நிகழ்ச்சிகள்: எந்தத் தொகுப்பாளரை நம்பி உட்காரலாம்?

அமெரிக்க வேட்டை நிகழ்ச்சிகளைக் கரித்துக் கொட்டுகிறவர்கள் எல்லாம் வேட்டையை எதிர்ப்பவர்கள் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சேனல் பக்கமே போவதில்லை. வாரம் தவறாமல் பார்த்து, வாரம் தவறாமல் பொருமுகிறவர்கள் வேட்டைக்காரர்கள்தான். தொகுப்பாளர் அம்பு விட்டதும் கூவுவது பிடிக்காது, அவர் சட்டையில் ஒட்டியிருக்கும் விளம்பர முத்திரைகள் பிடிக்காது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

2022-ல் அங்கே வேட்டைக்குப் போனவர்கள் ஏறக்குறைய 1.44 கோடிப் பேர் என்கிறது அரசின் கணக்கெடுப்பு. கேபிள், யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் என்று நிகழ்ச்சிகள் பெருகிக் கிடப்பது இவர்களை நம்பித்தான். புதிதாகப் பார்க்க நினைப்பவருக்கு முன்னால் நான்கு ரகம் இருக்கிறது. கேபிள் சேனலின் கொம்பு வேட்டை, பொது நிலத்தில் திரியும் யூடியூப்காரர்கள், சமையலும் கதையும் கலந்த நிகழ்ச்சிகள், ஆப்பிரிக்காவும் ஆசியாவும் சுற்றும் பெருவேட்டை. ஒவ்வொன்றிலும் பார்வையாளர்களுக்குப் பிடித்ததும் உண்டு, பிடிக்காததும் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். குண்டு பாயும் நொடி எல்லா நிகழ்ச்சியிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதற்கு அடுத்த பத்து நிமிடத்தில் எதைக் காட்டுகிறார்கள், எதை வெட்டி எறிகிறார்கள் என்று பார்த்தால் தொகுப்பாளரின் தரம் தெரிந்துவிடும்.

கொம்பை அளக்கும் அரைமணி நேரம்

தொலைக்காட்சி வேட்டைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஏபிசி நெட்வொர்க்கில் 1965-ல் தொடங்கிய ‘தி அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ்மேன்’ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. விளையாட்டு வர்ணனையாளர் கர்ட் கௌடி பிரபலங்களை அழைத்துக்கொண்டு வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போவார். பிறகு வீடியோ கேசட் காலம். 1993-ல் அவுட்டோர் சேனல் வந்தது, அதைத் தொடர்ந்து ஸ்போர்ட்ஸ்மேன் சேனலும் பர்சூட் சேனலும். நாள் முழுக்க வேட்டை, மீன்பிடி, துப்பாக்கி.

இந்த ரகத்தில் ஓர் அத்தியாயம் பார்த்தால் மற்ற அத்தியாயங்களின் எலும்புக்கூடு பிடிபட்டுவிடும். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. இருபது அடி உயரத்தில், மரத்தில் கட்டிய பரண் ஒன்றில் தொகுப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சற்று மேலே கேமராக்காரர். தொகுப்பாளர் குசுகுசுவென்று பேசுகிறார்: காற்று நமக்குச் சாதகமாக இருக்கிறது, டிரெயில் கேமராவில் (விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கருவி) நேற்று இரவு அவன் வந்து போயிருக்கிறான். அந்த ‘அவன்’ ஒரு வெள்ளைவால் மான். அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பார்கள். பெயரைச் சொன்ன வாயால் அந்த டிரெயில் கேமரா எந்தக் கம்பெனியுடையது என்றும் சொல்லிவிடுவார். விளம்பர இடைவேளை. மான் வருகிறது. அம்பு பாய்கிறது. முஷ்டியை மடக்கி ஒரு குத்து, மூச்சுத் திணறலாக ஒரு சிரிப்பு, கேமராக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கல். மறுபடி விளம்பரம். திரும்பி வரும்போது மான் தரையில் ஒழுங்காக மடங்கிப் படுத்திருக்கிறது. ரத்தம் துடைத்தாகிவிட்டது, வெளியே தொங்கிய நாக்கை உள்ளே தள்ளியாகிவிட்டது, கொம்பு நேராக நம்மைப் பார்க்கிறது. தொகுப்பாளர் கொம்பைப் பிடித்த கையை முடிந்தவரை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படிச் செய்தால் கொம்பு பெரிதாகத் தெரியும்.

வேட்டை தெரிந்தவர்கள் இதில் எரிச்சலாவது எங்கே என்றால், அந்த நடுப்பகுதியில். மான் வரும் காட்சியும், வில்லின் விசையில் விரல் அழுந்தும் நெருக்கக் காட்சியும் மாறி மாறி வரும். பரணில் கேமராக்காரர் ஒருவர்தானே, இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி எடுத்தார்? விரலைப் பெரும்பாலும் பிறகு எடுத்திருப்பார்கள், எல்லாம் முடிந்து சாவகாசமாக. புதருக்குள் மானைத் ‘தற்செயலாக’க் கண்டுபிடித்து வாய் பிளக்கும் காட்சியும் சில நேரம் அப்படித்தான் இரண்டாம் முறை நடித்துக் காட்டுவது. இது பெரிய மோசடி என்று சொல்லமாட்டேன். சினிமா எடுப்பவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் நேரில் நடந்தது என்று சொல்லி விற்கும்போது சொல்பவரின் முகம் கொஞ்சம் சிறுத்துப்போகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மான் செத்துப் பத்து நிமிடம் ஆன பிறகும் சிலர் குசுகுசுத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஏன் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது? காரணம் பணம் வரும் வழியில் இருக்கிறது. இத்தகைய சேனல்களின் பல நிகழ்ச்சிகளுக்குச் சேனல் சம்பளம் தருவதில்லை. தயாரிப்பாளர்தான் சேனலுக்குப் பணம் கட்டி அரைமணி நேரத்தை வாங்குகிறார். அந்தப் பணத்தையும் படப்பிடிப்புச் செலவையும் வில், துப்பாக்கி, உருமறைப்பு உடை, தீவனம் விற்கும் கம்பெனிகளிடமிருந்து திரட்ட வேண்டும். அரைமணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது இருபத்திரண்டு நிமிடம் போல. அதற்குள் ஒரு மான் சாக வேண்டும், அதுவும் பெரிய கொம்போடு. சும்மா திரும்பி வந்த வாரத்தைக் காட்டினால் எந்தக் கம்பெனி அடுத்த ஆண்டு காசோலை எழுதும்? பார்வையாளர்கள் தொகுப்பாளரின் குணக்கோளாறு என்று நினைக்கும் பாதி விஷயம் இந்த வரவுசெலவிலிருந்துதான் முளைக்கிறது.

கொம்பு அங்குலத்தின் கதையும் சொல்ல வேண்டும். தியோடர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் கொம்பை அளப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. கிளைகளின் நீளம், தண்டின் சுற்றளவு, இரு கொம்புகளுக்கு இடையிலான அகலம் எல்லாவற்றையும் அங்குலத்தில் கூட்டி, இரு பக்கமும் பொருந்தாததைக் கழிப்பார்கள். ஒழுங்கான அமைப்புள்ள வெள்ளைவால் மான் கொம்பு அவர்களின் நிரந்தரப் பதிவேட்டில் ஏற 170 வேண்டும். நேர்மையான வேட்டைக்கும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும் குரல் கொடுத்த சங்கம் அது. டிவியில் மிஞ்சியது எண் மட்டும். ‘ஐந்து வயதுக் கிழட்டு ஆண், மூன்று ஆண்டாக இந்த ஓடையை விட்டு நகரவில்லை’ என்று தொடங்கும் தொகுப்பாளருக்குக் காது கொடுக்கத் தோன்றும். ‘இது நூற்று அறுபது’ என்று தொடங்குகிறவரிடம் அடுத்து என்ன வரும் என்று கேட்காமலே தெரியும்.

இந்த ரகத்தை மொத்தமாக ஒதுக்கிவிடவும் முடியாது. படம் பிடிப்பதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. நவம்பர் மாத இணைசேர் காலத்தில் ஆண் மான் மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு பெண் மானைத் துரத்துவது, மரப்பட்டையில் கொம்பைத் தேய்ப்பது, இரண்டு ஆண்கள் முட்டிக்கொள்வது எல்லாம் பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருக்கும். அயோவாவில் நிலம் வைத்திருக்கும் லீ, டிஃபனி லகோஸ்கி தம்பதியின் நிகழ்ச்சியைப் பிடித்தவர்கள் சொல்லும் காரணமும் நியாயமானது. மானுக்கென்றே பயிர் விதைப்பதும், இளம் ஆண்களைச் சுடாமல் விட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் ஒரு விவசாயியின் பொறுமையைக் கேட்கிற வேலை. பிடிக்காதவர்கள் சொல்வதிலும் தவறில்லை. சொந்தமாக ஒரு பண்ணையே இருந்தால் நானும்தான் செய்வேன் என்பார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்காரரான, ‘போன் கலெக்டர்’ நிகழ்ச்சி நடத்தும் மைக்கேல் வாடெல்லுக்கு இன்னொரு விதமான செல்வாக்கு. விளம்பரம் அவரிடமும் குறைவில்லை. ஆனால் தன்னைத்தானே கிண்டலடிக்கும் ஆள் என்பதால் ஜனங்கள் மன்னித்துவிடுகிறார்கள். நகைச்சுவை தெரிந்த தொகுப்பாளருக்கு இந்தத் தொழிலில் ஏழு கொலை மாப்பு.

கேமராவுக்காகச் சட்டத்தை மீறியவர்கள்

வாரம் ஒரு மான் விழுந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொன்னால் போதும்.

ராக் இசைக்காரர் டெட் நியூஜென்ட் பல ஆண்டுகளாக ஒரு வேட்டை நிகழ்ச்சி நடத்தியவர். 2010-ல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் அவர் கலிஃபோர்னியாவில் மான் வேட்டையாடினார். இரை வைத்து மானை வரவழைப்பது அங்கே சட்டவிரோதம். மான் தின்றுகொண்டிருந்ததே இரைப்பொருளைத்தான். வனவிலங்கு அதிகாரிகள் அதைத் தெரிந்துகொண்டது அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்து. அபராதம் 1,750 டாலர். இது அசட்டுத்தனம். அலாஸ்கா வழக்குத்தான் உண்மையான பாடம். 2009-ல் சுக்வான் தீவில் அவர் விட்ட அம்பு ஒரு கருங்கரடியை உரசிக்கொண்டு போனது, கரடி ஓடிவிட்டது. சில நாள் கழித்து இன்னொரு கரடியைக் கொன்றார். அந்தப் பகுதியின் விதிப்படி காயம்பட்ட கரடியும் கணக்கில் சேரும். அதாவது முதல் அம்போடு அவருடைய ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. அந்த விதி தனக்குத் தெரியாது என்றார். 2012-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் அபராதம் ஏற்றார்.

இன்னொரு தொகுப்பாளர் கிறிஸ் பிராக்கெட்டின் விவகாரம் இதைவிட மோசம். 2013 டிசம்பரில் இண்டியானாவில் படப்பிடிப்பு. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு கொம்பு மான் என்பது அப்போது அங்கிருந்த சட்டம். அவர் அடுத்தடுத்து இரண்டைச் சுட்டார், முதலாவதை மறைக்கப் பார்த்தார். விவகாரம் வெளியே வந்ததும் அவுட்டோர் சேனல் அவருடைய நிகழ்ச்சியை நிறுத்தியது. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதைத் தடுக்கும் லேசி சட்டத்தின் கீழ் 2018-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1900-ல் போட்ட சட்டம், இன்றும் வேட்டைத் தொகுப்பாளர்கள் இதில்தான் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

இந்த ஆட்கள் மேல் வேட்டைக்காரர்களுக்கு வரும் கோபம் மற்றவர்களின் கோபத்தைவிடச் சூடாக இருக்கும். உரிமம் எடுத்து, அனுமதிச் சீட்டுக்கான குலுக்கலில் பெயர் வரக் காத்திருந்து, விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்களுக்கு எரியத்தானே செய்யும்.

பொது நிலத்தில் நடப்பவர்கள்

அமெரிக்க மத்திய அரசு வைத்திருக்கும் நிலம் சுமார் 64 கோடி ஏக்கர், நாட்டின் பரப்பில் கால் பங்குக்கும் மேல். பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில். அங்கே பெரும்பாலான இடங்களில் வேட்டையாட நிலச் சொந்தக்காரரின் தயவு வேண்டாம், உரிமமும், ‘டேக்’ எனப்படும் அந்த விலங்குக்கான அனுமதிச் சீட்டும் இருந்தால் போதும். இந்த வசதியை வைத்தே ஒரு நிகழ்ச்சியைக் கட்டியவர் ராண்டி நியூபர்க். மொண்டானாவில் வசிக்கும் கணக்காளர். வழிகாட்டி இல்லாமல், பொது நிலத்தில், எல்லோரையும் போலக் குலுக்கலில் விண்ணப்பித்து டேக் வாங்கிப் போவார். குரலும் பேச்சும் வருமான வரிக் கணக்கை விளக்குகிற ஆள் மாதிரியே இருக்கும். அதைத்தான் அவருடைய பார்வையாளர்கள் விரும்புகிறார்கள். வரைபடத்தில் எந்தச் சரிவில் எல்க் மான் பகலில் படுத்திருக்கும், ஏன் அங்கே, எந்த மாநிலத்தில் எத்தனை ஆண்டு விண்ணப்பித்தால் டேக் கிடைக்க வாய்ப்பு என்று நிதானமாகச் சொல்லித் தருவார்.

யூடியூபில் ‘தி ஹண்டிங் பப்ளிக்’ குழுவும் இதே பாதைதான், வயதும் வேகமும் வேறு. நண்பர்கள் சிலர், இலையுதிர் காலத்தில் மான், வசந்தத்தில் வான்கோழி, அன்றாடம் நடப்பதை உடனுக்குடன் ஏற்றிவிடுகிறார்கள். தப்பிய குறி, கிளையை மிதித்து விரட்டிவிட்ட மான், காற்றுத் திரும்பியதால் பாழான காலைப்பொழுது எல்லாம் அப்படியே வரும். கேபிள்காரர்கள் வெட்டி எறியும் காட்சிகள்தான் இவர்களுடைய மூலதனம்.

இந்த ரகத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அம்பு பாய்ந்த பிறகான உரையாடல்களில். அடித்தவுடன் யாரும் பின்னால் ஓடமாட்டார்கள். முதலில் படத்தை நிறுத்தி, முன்னும் பின்னும் ஓட்டி, அம்பு எங்கே நுழைந்தது என்று பார்க்கிறார்கள். அடுத்து அம்பைத் தேடி எடுத்து முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். வெளிர்சிவப்பில் நுரை கலந்த ரத்தம் என்றால் நுரையீரல், மான் நூறு கஜத்துக்குள் விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சையாகக் கசடு ஒட்டி நாறினால் வயிறு, எட்டு பத்து மணி நேரத்துக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. அவசரப்பட்டு விரட்டினால் மான் எழுந்து இன்னும் தூரம் ஓடும், பிறகு கிடைக்கவே கிடைக்காது. ‘இன்று விட்டுவிடலாம், காலையில் வருவோம்’ என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் ‘ராத்திரி மழை வந்தால் தடம் போய்விடும்’ என்று பதறும் அந்தப் பத்து நிமிடத்தில் நாடகம் ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை. சில நேரம் மான் கிடைக்காது. அதையும் காட்டுகிறார்கள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. காயம்பட்டுத் தொலைந்த விலங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத நிகழ்ச்சியை, எத்தனை அழகான படமானாலும், நான் முழுதாக நம்புவதில்லை. வில் எடுத்தவர் எவருக்கும் அது ஒரு நாள் நடந்தே தீரும்.

குறைகள்? நீளம். ஒரு மணி நேரத்தில் கால் மணி நேரம் காரில் பேசிக்கொண்டு போவார்கள். குழுவுக்குள் ஓடும் கிண்டல் வெளியாளுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். காணொளியின் முகப்புப் படத்தில் வாயைப் பிளந்த முகம் இங்கேயும் வந்துவிட்டது.

இதைவிடக் கனமான புகார் ஒன்று உண்டு. பொது நிலத்தைக் காட்டக் காட்ட அங்கே கூட்டம் கூடுகிறது. உள்ளூர்க்காரர் பல ஆண்டாகப் போகிற பள்ளத்தாக்கில் அடுத்த சீசனில் பல மாநிலங்களின் வண்டிகள் நிற்கின்றன. இந்தக் கோபத்துக்கு முகமாக இருப்பவர் மாட் ரினெல்லா. வேட்டையை வைத்துப் படமெடுப்பதும் சமூக ஊடகத்தில் கொம்பைக் காட்டுவதும் வேட்டையைக் கெடுக்கிறது, சத்தமில்லாமல் வேட்டையாடுங்கள் என்று ஓர் இயக்கமே நடத்துகிறார். அவருடைய தம்பி ஸ்டீவன் ரினெல்லா அமெரிக்காவின் மிகப் பெரிய வேட்டை ஊடக முகங்களில் ஒருவர். அண்ணன் தம்பிக்குள் இதைப் பற்றிப் பகிரங்கமாகவே வாக்குவாதம் நடந்தது. என் பார்வையில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இடம் தெரியாதபடி மலைமுகட்டை மறைத்துப் படமெடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போது, பெயர்ப்பலகையோடு காட்டுகிறவர்களுக்குச் சாக்கு இல்லை.

அடுப்படி வரை வருகிறவர்கள்

அந்தத் தம்பியின் ‘மீட்ஈட்டர்’ 2012-ல் ஸ்போர்ட்ஸ்மேன் சேனலில் தொடங்கி, 2018 முதல் நெட்ஃபிளிக்ஸிலும் வந்தது. வேட்டையே தெரியாதவர்களை வேட்டை நிகழ்ச்சி பார்க்க வைத்ததில் இதற்கு இணை இல்லை. நகைச்சுவைக்காரர் ஜோ ரோகன் முதன்முதலாக மான் வேட்டைக்குப் போனதே இந்த நிகழ்ச்சியில்தான்.

இங்கே சுடுவது பாதி வழிதான். தோலுரிப்பது, மூட்டுகளைப் பிரிப்பது, இறைச்சியை மூட்டை கட்டி முதுகில் சுமந்து மலை இறங்குவது, நெருப்பு மூட்டி இதயத்தையோ ஈரலையோ வாட்டித் தின்பது எல்லாம் வரும். பார்வையாளர்களின் விருப்பத்துக்குப் பின்னால் பெரிய உண்மை இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்பில் இறைச்சிக்காக வேட்டையாடுவதைப் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏற்றுக்கொண்டார்கள், கொம்புக்காக என்றால் ஏற்றவர்கள் மூன்று பேர்தான். ஒரே மான், ஒரே குண்டு. கடைசியில் சட்டியைக் காட்டுவதா கொம்பு மாட்டிய சுவரைக் காட்டுவதா என்பதில் ஜனங்களின் மனம் மாறிவிடுகிறது. கேபிள் தொகுப்பாளர்களும் இறைச்சியை வீணடிப்பதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உண்ணக்கூடிய இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது பல மாநிலங்களில் குற்றம். அவர்கள் சாப்பிடுகிறார்கள், காட்டுவதில்லை. அந்த இரண்டு நிமிடத்தைத் தீவனக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

ரினெல்லா படித்தவர், வரலாறும் விலங்கியலும் வாயில் சரளமாக வரும். துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை மாநிலங்களின் காட்டுயிர்த் துறைக்குத் திருப்பிய பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் 1937-ல் வந்தது. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அந்த வரி 11 சதவீதம். ‘பாதுகாப்புக்குப் பணம் கட்டுவதே நாங்கள்தான்’ என்று மற்றவர்கள் மந்திரம் போல முழங்குவதை இவர் இன்ன வரி, இன்ன வேலைக்கு என்று விளக்குவார். பிடிக்காதவர்கள் அந்தப் படிப்பையேதான் குறை சொல்கிறார்கள். பேராசிரியர் தோரணை, நகரத்துச் சாப்பாட்டு ரசிகர்களுக்கு எடுத்த வேட்டை என்பார்கள். இன்னொரு புகார் இன்னும் கூர்மையானது. நிகழ்ச்சி வளர்ந்து கம்பெனியாகி, 2019-ல் ஃபர்ஸ்ட் லைட் என்ற வேட்டை உடை நிறுவனத்தையே வாங்கியது. பிறகு விலங்கை அழைக்கும் ஊதல் செய்கிறவர்களையும் வாங்கியது. முன்பு தொகுப்பாளர் அடுத்தவர் சட்டையை விற்றார், இப்போது சொந்தச் சட்டையை விற்கிறார். விளம்பரம் நாசூக்காகியிருக்கிறதே தவிர ஒழிந்துவிடவில்லை.

யானை, சிங்கம், விமானச் சீட்டு

நான்காவது ரகம் கண்டம் தாண்டும் வேட்டை. கனடாக்காரர் ஜிம் ஷாக்கி, கறுப்புத் தொப்பியும் வெண்தாடியுமாக, இதில் பெயர் பெற்றவர். அவரைப் பிடிப்பதற்குக் காரணம் பயணம். போகிற இடத்து மனிதர்களோடு உட்கார்ந்து பேசுவார், சாப்பிடுவார், அவர்கள் விலங்கைத் தேடும் விதத்தை மரியாதையோடு கவனிப்பார். வேட்டையை நீக்கிவிட்டாலும் பயணப் படமாக ஓரளவு நிற்கும்.

எல்லோரும் அப்படியில்லை. 2013-ல் என்பிசி ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க்கில் ‘அண்டர் வைல்ட் ஸ்கைஸ்’ தொகுப்பாளர் டோனி மேக்ரிஸ் போட்ஸ்வானாவில் யானையைச் சுட்டதைக் காட்டினார். முதல் குண்டில் யானை விழவில்லை. எல்லாம் முடிந்தபின் ஷாம்பெயின் கொண்டாட்டம். கண்டனம் எழுந்ததும் மன்னிப்பில்லை, எதிர்ப்பவர்களை ஹிட்லரோடு ஒப்பிட்டார். சேனல் நிகழ்ச்சியை நிறுத்தியது. அந்த வேட்டைக்கு அங்கே அனுமதி இருந்தது. அவரைக் கவிழ்த்தது யானை சாவதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதமும் வாயும்தான். 2017-ல் அவுட்டோர் சேனலின் உரிமையாளரும் ஆர்சனல் கால்பந்து அணியின் பெரும் பங்குதாரருமான ஸ்டான் குரோங்கே பிரிட்டனில் ஒரு வேட்டைக் காணொளிச் சேவை தொடங்கினார். யானை, சிங்க வேட்டைப் படங்கள் அதில் இருந்தது தெரிந்து கால்பந்து ரசிகர்களே கொதித்தார்கள். சில நாளில் அவற்றை நீக்கச் சொல்லிவிட்டார்.

2016-ல் வேட்டைக் காணொளி எடுக்கும் ஜாஷ் பௌமர் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கேமரா கட்டிய ஈட்டியை எறிந்து ஒரு கருங்கரடியைக் கொன்று, அதைத் துள்ளிக் குதித்துக் கொண்டாடிய காணொளியும் இந்த வகையே. ஆல்பர்ட்டா அரசு ஈட்டி வேட்டையைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. விளையாட்டு உடை விற்கும் அண்டர் ஆர்மர் கம்பெனி ஸ்பான்சர் உறவை முறித்தது அவர் மனைவி சாராவோடு. எறிந்தவர் கணவர்.

பெண் தொகுப்பாளர்களுக்கு விழும் அடி தனி. மெலிஸா பாக்மன் 2013-ல் தென்னாப்பிரிக்காவில் சிங்கத்தோடு எடுத்த படத்தைப் போட்டதும் லட்சக்கணக்கில் எதிர்ப்புக் கையெழுத்துகள் குவிந்தன. அதற்கு முந்தைய ஆண்டே எதிர்ப்பு மனுவால் ஓர் அலாஸ்கா நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டவர். அதே காலத்தில் சிங்கத்தோடு படம் போட்ட ஆண்கள் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள். சிங்க வேட்டை எனக்குப் பிடிக்காது, அந்தப் படத்தில் சிரித்ததும் பிடிக்கவில்லை. ஆனால் மிரட்டலும் ஆபாச வசையும் பெண்ணுக்கு மட்டும் பத்து மடங்காகப் போனால் அதை விலங்கின் மேல் உள்ள பாசம் என்று ஏற்க முடியாது. ஜிம் ஷாக்கியின் மகள் ஈவாவுக்கும் இந்த வசவு குறைவில்லாமல் கிடைத்தது.

‘டக் டைனஸ்டி’யை இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. 2013-ல் அதன் ஒரு அத்தியாயத்தை 1.18 கோடிப் பேர் பார்த்தார்கள், வேட்டைச் சேனல்களின் நிகழ்ச்சி எதுவும் அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட வந்ததில்லை. ஆனால் அது வாத்தை அழைக்கும் ஊதல் விற்கும் ஒரு தாடிக் குடும்பத்தின் நகைச்சுவைத் தொடர், வாத்து வேட்டை தொட்டுக்கொள்ள ஊறுகாய் அளவுக்குத்தான் வரும்.

யாருக்கு எது

வில்லோ துப்பாக்கியோ எடுத்து உண்மையிலேயே கற்றுக்கொள்ள நினைப்பவர் பொது நிலத்துக்காரர்களிடம் போவதே நல்லது. சொந்தப் பண்ணையில் பெயர் வைத்து வளர்த்த மானுக்குக் காத்திருப்பதைப் பார்த்து, பொதுக் காட்டில் நுழைகிறவருக்குப் பயன்படுவது கொஞ்சம்தான். நியூபர்க்கிடம் திட்டமிடுதலும், ஹண்டிங் பப்ளிக்கிடம் தடம் பிடித்தலும் கற்கலாம். கார்ப் பயணங்களைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

வேட்டையில் இறங்கப்போவதில்லை, ஆனால் இவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ள ஆசை என்றால் மீட்ஈட்டர். விலங்கைக் கொல்வதைப் பற்றிக் கூசாமலும் கூவாமலும் பேசுகிற தொகுப்பாளர்கள் கொஞ்சம் பேர்தான், ரினெல்லா அதில் ஒருவர்.

கேபிள் ரகத்தை மான் பார்க்கப் பிடித்தவர்களுக்குச் சொல்வேன், ரிமோட் கையில் இருக்கட்டும். மான் வரும் வரை பார்த்துவிட்டு, அம்பு பாய்ந்ததும் மாற்றிவிட்டால் ஒன்றும் இழக்கமாட்டீர்கள். பெருவேட்டையை நான் யாருக்கும் முதலில் பரிந்துரைப்பதில்லை. பார்த்தே தீர வேண்டும் என்றால் ஷாக்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு உட்காருவதாக இருந்தால் ரத்தம் வருகிறதா என்று கவலைப்பட்டு நிகழ்ச்சியைத் தேர்வு செய்கிறார்கள் பலர். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். ரத்தமே காட்டாமல், துடைத்து நிமிர்த்தி வைத்த மானோடு கை குலுக்கி முடிகிற அத்தியாயத்தைவிட, தோலுரித்துச் சுமந்து சமைக்கிற அத்தியாயம் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றது. கேள்விகள் வரும், பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்தத் தொகுப்பாளரானாலும் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியை முதலில் நீங்கள் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.